கை தட்டாத இடம்

ஆண்டு முடிவில் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு அறிக்கைகள் போக வேண்டும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஒன்று. இருக்கிற பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் இரண்டுமே என் தலையில் விழும். நான் முதலில் படித்தது எலக்ட்ரானிக்ஸ் பொறியியல். அதன் பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன அரசுப் பள்ளிக்கு வந்தேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் ஒன்று குறையும், இன்னும் குறைந்தால் வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வரும். ஒவ்வொரு வருடமும் தப்பித்துக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு திட்டம். அதில் பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, பத்து வரை எண்ணுவது, கடையில் சாமான் வாங்குவது என்று வரிசையாக வேலைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறிப்போம்: தானாகச் செய்கிறாள், சொன்னால் செய்கிறாள், கை பிடித்தால் செய்கிறாள், செய்வதில்லை. கடைசியிலிருந்து முதலாவதற்குப் போவதுதான் எங்கள் ஊரில் பாஸ். ஒரு பிள்ளை ஒரே ஒரு வேலையில் அப்படிப் போவதற்கு ஒரு வருடம்கூட ஆகும்.

நான் எழுத நினைப்பது பெரிய வகுப்பில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அவள் அம்மா தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற, படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை பார்த்தார். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். பள்ளிக்கு வருவதற்கு முன்னால், அம்மா காலையில் கிளம்பும்போது பெண்ணை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார். எங்கள் பள்ளிக்காரர்கள் சேர்க்கைக் கணக்கெடுப்புக்குத் தெருத்தெருவாகப் போனபோது, பூட்டிய வீட்டு ஜன்னலில் ஒரு கை ஆடியதைப் பார்த்துத்தான் அவளைக் கண்டுபிடித்தார்களாம். தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். "வேற எப்படி விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க மிஸ்" என்று அவர் கேட்டாராம். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதனாலதான் சத்தமாத் திட்டிட்டேன்" என்று தலைமையாசிரியை என்னிடம் பல வருடம் கழித்துச் சொன்னார்.

எங்கள் பள்ளியில் பதினெட்டு வயது வரைதான் வைத்துக்கொள்ள முடியும். நான் சேர்ந்த மூன்றாவது கல்வியாண்டோடு அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பெரியவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் கேட்டோம், இடமில்லை. இன்னொன்றில் இடம் இருந்தது, கட்டணம் அம்மாவின் சம்பளத்தைத் தாண்டியது. ஆக மார்ச்சுக்குள் அவளுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் பூட்டு. அம்மா ஒவ்வொரு முறை வரும்போதும், "எதாச்சும் தெரிஞ்சுதா மிஸ்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நிற்பார்.

இந்த இடத்தில் எங்கள் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். யார் எப்போது தொடங்கியது என்று தெரியாது. ஒரு பிள்ளை ஒரு வேலையை முடித்தால் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து முகத்தை நிமிர்த்தும். பார்த்தவர்கள் இரண்டு முறை கை தட்டுவோம். உடனே அடுத்த வேலை. ஆசிரியர்கள் மட்டுமில்லை. சமையல்காரம்மா கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டுவார். வேன் டிரைவர், பிள்ளைகள் சரியாக ஏறி உட்கார்ந்தால் ஸ்டியரிங்கைத் தட்டுவார். ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்து நிமிர்ந்தார். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அவருக்குத் தட்டினார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என் கையெழுத்துக்கு யாரும் தட்டுனதில்லீங்க" என்றார். அந்த வருடம் அறிக்கையில் நல்ல வார்த்தை எழுதினார்.

அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறை. சுவரில் சுவிட்ச் பெட்டி மாட்டுவதற்கான திருகாணி, சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக், வாஷர் எல்லாவற்றையும் பாக்கெட்டாகப் போட்டு மொத்தக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். முதலாளி எங்கள் வேன் டிரைவருக்குத் தூரத்து உறவு. போய்ப் பேசினோம். அவர் யோசித்தார். "பாக்கெட் போடற டேபிள்ல ஒரு ஆள் கொறையுதுதான். ஒரு வாரம் வந்து பார்க்கட்டும். ஒரு நாளைக்கு இத்தனை பாக்கெட் வந்தாகணும்னு எனக்குக் கணக்கு இருக்கு டீச்சர், அதுல பாதி வந்தாலே போதும், நான் வச்சுக்கறேன்" என்றார். நியாயமான மனிதர். இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அங்கிருந்தே ஒரு பை நிறைய சாமான் வாங்கி வந்தேன். வேலையைப் படிகளாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினேன்.

1. நான்கு திருகாணியைக் குழித்தட்டில் வை.
2. நான்கு பிளாஸ்டிக் பிளக்கை வை.
3. இரண்டு வாஷரை வை.
4. எல்லாவற்றையும் கவருக்குள் போடு.
5. ஜிப்பை அழுத்தி மூடு.

குழித்தட்டில் எல்லாக் குழியும் நிரம்பினால் எண்ணிக்கை சரி. அவளுக்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை. முதல் மாதம் கை பிடித்துச் செய்தோம். பிறகு சொன்னால் செய்தாள். வாஷர் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த பிறகு ஒரு நாள், நான் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு பேசாமல் பார்த்தேன். பாக்கெட் போட்டாள், கையை வைத்தாள், நிமிர்ந்தாள். தட்டினோம். அடுத்தது. மதிய உணவு மணி வரை நிறுத்தவே இல்லை. ஐந்து படிக்கும் எதிரே "தானாகச் செய்கிறாள்" என்று குறித்தேன். தலைமையாசிரியை வந்து பார்த்துக் கையெழுத்திட்டார். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்" என்றார்.

மார்ச் தொடக்கத்தில் பட்டறைக்கு முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துவாக்குடி போகிற பஸ்ஸில் ஏறினோம். தலையில் கனகாம்பரம், புது ஸ்டிக்கர் பொட்டு. கண்டக்டரிடம் அவளே காசு நீட்டினாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் அடித்தார்.

பட்டறையில் மேஜையைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். அவளுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கண்ணில் படக்கூடாது என்பது விதி. என்னைப் பார்த்தால் அவள் என்னையே பார்ப்பாள். அதனால் குழித்தட்டை வைத்துவிட்டு, எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் ஒரு பாக்கெட் இருந்தது.

"காலையிலேர்ந்து இது ஒண்ணுதான் டீச்சர்."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஆனா பாப்பா சும்மா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. கை ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அதான் எனக்குப் புரியல."

மேஜையின் மூத்த பெண்மணி விளக்கினார். "போடுது, மூடுது, நிமிர்ந்து எங்களப் பார்க்குது. நாங்க எங்க வேலையில இருக்கோம். கொஞ்ச நேரம் பார்க்குது. அப்புறம் பிரிச்சுக் கொட்டிட்டு அதையே மறுபடி போடுது. வெளையாடுதுன்னு நெனச்சோம் மிஸ்."

நான் கதவோரம் நின்று பார்த்தேன். திருகாணி, பிளக், வாஷர், கவர், ஜிப். ஒரு பிசகு இல்லை. கைகளை மேஜைமேல் வைத்து நிமிர்ந்தாள். மெஷின் சத்தம். யாரும் தட்டவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் கண்கள் மெல்லக் கீழே இறங்கின. கவரைப் பிரித்து எல்லாவற்றையும் தட்டில் கொட்டினாள். தட்டவில்லை என்றால் தப்பு. தப்பென்றால் மறுபடி செய்ய வேண்டும். அவள் காலை முழுக்கத் தன் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்த்து, கனகாம்பரம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் திட்டத்தில் கைதட்டலுக்கு இடமே கிடையாது. அது வேலை முடிந்த பிறகு வருவது. ஆகவே யாரும் அதை உதவி என்று எண்ணியதில்லை. காற்று மாதிரி அது எப்போதும் இருந்தது. முறையாகப் பார்த்தால், ஒன்றுக்குத் தட்டுவதை இரண்டுக்கு ஒரு முறை, நான்குக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்தியிருக்க வேண்டும். பி.எட். முதலாண்டுப் பாடத்தில் உண்டு. பள்ளியில் இருந்த எல்லோரும் அதைப் படித்துத் தேறியவர்கள்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. "அட, இதான் சங்கதியா! எம் மாமியார் எனக்கு ஒரு நாளாவது தட்டியிருந்தா நான் இங்க ஏன் வரேன்" என்றார் ஒருவர். "உனக்குத் தட்டுனாங்கல்ல, முதுகுல?" என்றார் இன்னொருவர். மூத்த பெண்மணி பட்டென்று இரண்டு முறை தட்டினார். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த பாக்கெட், அதற்கடுத்தது. அன்று மாலைக்குள் முதலாளி கேட்ட பாதியை நெருங்கிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இது நடந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

இரண்டாவது நாளும் தட்டினார்கள். மூன்றாவது நாள் பாதி நேரம் தட்டினார்கள். நான்காவது நாள் நான் போனபோது மூத்த பெண்மணி என்னை வெளியே குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சொல்றதுக்கே ஒரு மாதிரியா இருக்கு மிஸ். எங்களுக்கெல்லாம் பீஸ் ரேட்டு, போடற பாக்கெட்டுக்குத்தான் காசு. அது ஒவ்வொண்ணுக்கும் நிமிரும்போது நாங்க கையில உள்ளத வச்சுட்டுத் தட்டணும். அதோட பாக்கெட் ஏற ஏற எங்க பாக்கெட் எறங்குது. பாவம்னு ஒரு நாள் தட்டலாம், ரெண்டு நாள் தட்டலாம்."

"நீங்க சொல்றது சரிதாங்க."

"நீங்க வேணா பக்கத்துல உக்காந்து தட்டுங்களேன்?"

உட்காரலாம். உட்கார்ந்தால் பள்ளியில் என் வகுப்பை யார் பார்ப்பது? ஒரு வாரத்துக்கே தலைமையாசிரியை இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு முடிந்து வெளியேறப் போகிற பெண்ணுக்காக ஓர் அரசு ஆசிரியை தினமும் அரியமங்கலத்தில் உட்கார்ந்து கை தட்ட எந்த விதியிலும் வழி இல்லை. மேஜைமேல் ஒரு பஸ்ஸர் வைத்துப் பார்த்தேன். நானே சர்க்யூட் போட்டது. பாக்கெட்டைப் பெட்டிக்குள் போட்டால் தட்டுகிற ஒலி வரும். முதல் ஒலிக்கு அவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு முகங்களைப் பார்த்தாள், பிறகு பாக்கெட்டைத் திரும்ப எடுத்துப் பிரித்தாள். பெட்டிக்கு முகம் இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது.

வார முடிவில் முதலாளி அவளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்து அனுப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். நல்லாப் பழகிட்டுக் கூட்டிட்டு வாங்க, எப்ப வேணா சேர்த்துக்கறேன்."

பழக்கத்தான் நேரமில்லை. மார்ச் பாதி கடந்திருந்தது. பள்ளியில் எல்லோருக்கும் சொன்னேன்: அவளுக்கு மட்டும் இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு முறைதான் தட்ட வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் பக்கத்து மேஜைப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? அவள் நிமிர்ந்தால் அவர்கள் தட்டுவார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். அவளைத் தனி அறையில் உட்கார வைத்தேன். முதல் பாக்கெட் முடித்து நிமிர்ந்தாள். நான் தட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பிரிப்பதற்குள் இரண்டாவது தட்டை முன்னால் நகர்த்தினேன். தட்டை ஒதுக்கிவிட்டு முதல் பாக்கெட்டையே பிரித்தாள். நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. இன்னும் ஐந்தாறு மாதம் கிடைத்தால் முடியும் என்று என்னால் தைரியமாகச் சொல்லியிருக்க முடியும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மார்ச் கடைசியில் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியை அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பெரிய மிஸ், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அவள ஃபெயில் போட்டுடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"பெரிய ஸ்கூல்ல எல்லாம் ஃபெயில் ஆனா அதே கிளாஸ்ல உக்கார வைக்கறாங்கல்ல? இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு எழுதிடுங்க. இன்னொரு வருஷம் உக்காரட்டும். நான் எங்கயும் சொல்ல மாட்டேன்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க படிப்ப வச்சு வெளிய அனுப்பறதில்லம்மா. வயச வச்சுத்தான் அனுப்பறோம். ஃபெயில் போட்டாலும் போகணும், பாஸ் போட்டாலும் போகணும்."

"அப்ப எதுக்கு மிஸ் பாஸு ஃபெயிலு?"

தலைமையாசிரியை, "டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அம்மா சாப்பிட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் இரண்டு அறிக்கையும் அனுப்பினேன். கற்றல் அடைவு அறிக்கையில் பள்ளியிலேயே அவள்தான் முதல். தன் திட்டத்தில் இருந்த அத்தனை வேலையும் தானாகச் செய்கிறவள். அரியமங்கலத்துக்குப் பிறகு அந்த ஐந்து வரியையும் மாற்றலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "மாத்தி என்ன எழுதுவீங்க? நாலு கட்டம்தான இருக்கு. எந்தக் கட்டத்துல வைப்பீங்க?" என்றார். எந்தக் கட்டத்திலும் அது உட்காரவில்லை. அப்படியே போனது. சேர்க்கை அறிக்கையில் ஒன்று குறைந்தது. மேலிடத்திலிருந்து இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வந்தது. கற்றல் அடைவு பாராட்டத்தக்கது. மாணவர் எண்ணிக்கை கவலைக்குரியது. சேர்க்கையை உயர்த்த நடவடிக்கை எடுக்கவும்.

ஜூனில் அந்த நடவடிக்கைக்காகத் தெருத்தெருவாகக் கிளம்பினோம். நானும் பள்ளி ஆயாவும் போன பகுதியில் அவள் தெருவும் இருந்தது. பன்னிரண்டு மணி வெயில். அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மாதான் வந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்ல மிஸ், நைட் டூட்டிக்கு மாத்திக்கிட்டேன். பகல்ல கூட இருக்கலாம்ல. ராத்திரி அவ தூங்கிடுவா. பூட்டிட்டுப் போயிடுவேன். தூங்கறப்ப பூட்டுனா அவளுக்குத் தெரியாது."

அவள் உள்ளே தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் பையைத் தேடினாள். அது ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். அம்மா பையைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார். தினமும் நடப்பது போலத்தான் இருந்தது, இரண்டு பேருமே அவசரப்படவில்லை.

ஆயா, "நீங்க பேசிட்டு வாங்க, நான் அடுத்த வீட்டப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் எனக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. பதினெட்டுக்குக் கீழ் யாரும் கிடையாது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மிஸ்" என்றார் அம்மா. "பகல்ல நான் கொஞ்சம் தூங்கணும். இல்லாட்டி ராத்திரி வார்டுல நின்னுக்கிட்டே கண்ண சொக்குது, சிஸ்டர் திட்டறாங்க. இவ விட மாட்டேங்கறா. ஒரு துணிய மடிச்சா எழுப்பறா. ஒரு டம்ளர கவுத்து வச்சா எழுப்பறா. வேலையே குடுக்காம விட்டாலும், என்ன வேலைன்னு எழுப்பறா. நீங்கதான் எத்தனையோ சொல்லிக் குடுத்தீங்களே. சும்மா இருக்கறதுக்கும் எதாச்சும் சொல்லிக் குடுங்களேன்."

"சும்மா இருக்கறதுக்கா?"

"ஆமா மிஸ். ஒரு ரெண்டு மணி நேரம் போதும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். எந்த வேலையையும் படிகளாகப் பிரிக்க முடியும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாயில் உட்கார வேண்டும் என்று எழுதினேன். அதற்கடுத்து எதை எழுதினாலும் அது ஒரு வேலையாக இருந்தது. முடித்தால் அவள் எழுப்புவாள். எழுதியதை அடித்தேன்.

"மெதுவா யோசிச்சு எழுதுங்க மிஸ். ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அம்மா. "நீங்க இருக்கீங்கல்ல, நான் செத்த கண்ண மூடிக்கறேன்."

சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் துணிகளை விட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.